முன்வரிசையில் அழுதவர்

எல்தியார் அழகாக இருந்தான். அவன்மேல் எனக்கு எழுந்த முதல் புகார் அதுதான்.

இரண்டாவது புகார், தேநீர். எங்கள் ஓஷ் நகரில் ஒருவரை மதிக்கிறோம் என்றால் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றி, இன்னும் சற்று நேரம் உட்காரவைக்கலாம். அனிபா அவனுக்கு அப்படித்தான் ஊற்றினாள். எனக்கு எப்போதும் விளிம்புவரை. குடிச்சுட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

அனிபா எர்கேஷோவா துப்பறிகிறவள். ஒரு காலத்தில் அரசு விசாரணை அதிகாரி. இப்போது பஜாருக்குப் பின்னால், சம்சா கடை மாடியில், ஓர் அறையும் ஓர் உதவியாளும் வைத்திருக்கிறாள். அந்த உதவியாள் நான், எர்மெக். முன்பு கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து, அழுமூஞ்சி சம்பந்திகளையும் சிரிக்கவைத்தவன். அனிபாவைச் சிரிக்கவைக்கத்தான் இன்னும் முடியவில்லை.

எல்தியார் தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தான். வழக்கு மனைவியுடையது. பெயர் ஜிபார் அசனோவா. அவளை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் அவள் முகம்தான்.

'ஜார்ச்சி' என்ற செய்தித்தளத்தில் அவள் நிருபர். சில நாள் முன்பு அவள் வெளியிட்ட ஒரு சின்ன வீடியோதான் நாட்டையே புரட்டிப்போட்டது. எங்கள் ஊர் பெரிய பள்ளிவாசலின் இமாம் அப்துமாலிக் ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை மிம்பர் என்னும் பிரசங்க மேடையில் நின்று பேசுகிறார்: "தோப்சுபெக் நல்ல முஸ்லிம். அவருக்கு ஓட்டுப் போடறது இபாதத். போடாதவன் மறுமையில பதில் சொல்லணும்." அவ்வளவுதான் வீடியோ. இபாதத் என்றால் இறைவழிபாடு. பள்ளிவாசலுக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம். தோப்சுபெக் பாராளுமன்ற வேட்பாளர்.

ஒரு சேனல் 'மிம்பரில் ஓட்டு வேட்டை' என்றது. இன்னொன்று 'தலைப்பாகையின் ஆட்சி வருகிறதா?' என்று நான்கு நிபுணர்களை உட்காரவைத்தது. வெளிநாட்டுத் தளம் ஒன்று, எங்கள் ஊரிலேயே யாரும் உடுத்தாத உடையில் சில பெண்களின் படத்தைப் போட்டுக் கவலைப்பட்டது. மார்க்கச் சேனல்களோ 'மறுமையை நினைவூட்டிய மாவீரர்' என்று அதே வீடியோவைப் பெருமையாய் ஓட்டின. திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: ஹஜ்ரத் அப்படித்தான் சொன்னார்.

"அவர் அப்படிச் சொல்லவே இல்லைங்கறார்," என்றாள் ஜிபார். "நாளைக்கு நீதிமன்றத்துல விசாரணை. அவரை வீட்டுக் காவல்ல வெச்சிருக்காங்க. யாரும் பார்க்க முடியாது. அவரோட வக்கீல், அது யாரையோ கேலி பண்ணிப் பேசினதுங்கறார். ஆனா ஆதாரம் இல்லை. எனக்கு உண்மை தெரியணும்."

"வெளியிட்டதுக்கு அப்புறமா?" என்றேன்.

அனிபா என்னை முறைத்தாள். ஜிபார் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாண்ணே. வெளியிட்டதுக்கு அப்புறம்தான்."

"யார் அனுப்பினது?" என்றாள் அனிபா.

"தெரியாது. 'தொழுகையாளி'ன்னு ஒரு பேர். புதுசாத் தொடங்கின கணக்கு. அனுப்பிட்டு உடனே அழிச்சுட்டாங்க. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுக்கிட்டிருந்த நேரம்."

எல்தியார் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே புன்னகைத்தான். அவனும் அதே 'ஜார்ச்சி'யில்தான். பல வருடமாக மதச் செய்திகள் அவன் கையில். பள்ளிவாசல், தேவாலயம், ஹஜ் பயணம் எல்லாம். ஜிபார் பயிற்சிக்கு வந்தவள், அவனிடம் வேலை கற்றாள், அவனையே கட்டிக்கொண்டாள். வீடியோ வந்த மறுநாள் ஆசிரியர் மதமும் அரசியலும் சேர்ந்த பக்கத்தை அப்படியே அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அவனுக்கு வானிலை, மலைப்பாதை, ஆட்டுச் சந்தை.

"எல்லாம் நான் கத்துக்குடுத்ததுதான்," என்றான். "பெருமையா இருக்கு. ஆனா தேர்தல் சமயத்துல இந்தப் பக்கம் ஆபத்து, மேடம். ஹஜ்ரத்துங்க தலைப்பாகைக்குள்ள தேனை ஊத்துவாங்க. எறும்பு கடிக்கறது யாரை? எங்களை மாதிரி நிருபருங்களை."

அனிபா சிரித்தாள். வாய்விட்டு. அவளுக்கு இடது ஓரத்தில் ஒரு தெத்துப்பல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல நகைச்சுவைதான், அதுதான் கொடுமை. கல்யாண மேடையில் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டையே பரிசாக வாங்கியிருப்பேன்.

அவன் வேலை இருக்கிறதென்று எழுந்தான். போகும்போது மனைவியின் தோளைத் தட்டினான். "நட்சத்திரம்! சாயங்காலம் பள்ளிவாசல் பக்கம்தானே இருப்பே? வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான். அந்த 'நட்சத்திரம்' என்ற சொல்லைப் பல்லில் மாட்டிய நார் மாதிரி துப்பினான். கவனித்தேன். ஆனால் அவனிடம் எனக்குக் குறை கண்டுபிடிக்க அன்றைக்கு ஆயிரம் காரணம் இருந்ததால் அதை நானே நம்பவில்லை.

*

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஹஜ்ரத்தின் குரல் மூக்கடைத்த மாதிரி வந்தது. 'தழுதழுத்த குரலில் வேண்டுகோள்' என்று ஜிபார் எழுதியிருந்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கோட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அந்தப் படம்தான் எல்லாப் பத்திரிகையிலும். 'கண்ணீர் விட்ட தொழுகையாளி.'

"சத்தத்தை நிறுத்துங்க," என்றேன்.

"ஏன்?" என்றாள் அனிபா.

"தொழில் ரகசியம், தலைவி. மேடையில நிக்கறப்ப பின்வரிசைச் சத்தம் எனக்குக் கேட்காது. தோளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவேன்."

சத்தமில்லாமல் ஓட்டினாள். பெரியவரின் தோள் குலுங்கியது. இன்னொரு கை மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருந்தவரின் தொடையைக் கிள்ளியது.

"நிறுத்துங்க. அழறவன் பக்கத்து ஆள் தொடையைக் கிள்ளுவானா?"

ஜிபார் திரையை நோக்கிக் குனிந்தாள். "சிரிக்கிறாரா?"

"அடக்க முடியாம. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா உருண்டிருப்பார்."

அனிபா என்னைப் பார்த்தாள். பாராட்டு மாதிரி ஏதோ ஒன்று அவள் கண்ணில் வந்தது. அதை முழுசாக அனுபவிப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அழுதவரைப் பிடிப்போம். வா."

அவரைக் கண்டுபிடிக்க அலையவேண்டியிருக்கவில்லை. பஜாரில் யாரைக் கேட்டாலும் 'அழுமூஞ்சி சத்திபால்டியா?' என்று கை காட்டினார்கள். தொட்டில் கடைக்காரர். வண்ணம் பூசிய மரத்தொட்டில்களுக்கு நடுவே, ஒரு வாரப் புகழில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டின்னா போயிடுங்க," என்றாள் அந்த அம்மாள், திரும்பாமலே. "எங்கம்மா செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். எவளை நெனச்சுப் பள்ளிவாசல்ல அப்படி அழுதாரோ! காரா-சூவிலிருந்து ஒருத்தி கடைக்கே வந்து, 'உங்க மாதிரி இளகின மனசு உள்ள ஆம்பளையைப் பார்த்ததில்லை'ன்னு தொட்டில் வாங்கிட்டுப் போறா. அவளுக்குக் குழந்தையே கிடையாது!"

"ஐயோ, நான் அழலைடீ!" என்றார் சத்திபால்டி. "சிரிச்சேன்! இதை எத்தனை தரம் சொல்றது?"

"எதுக்குச் சிரிச்சீங்க, பெரியவரே?" என்றாள் அனிபா.

பெரியவர் நிமிர்ந்தார். ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்த மாதிரி.

"தோப்சுபெக்கோட மச்சான் ஒருத்தன் இருக்கானே, மூக்காலயே பேசுவான். ஓட்டுக் கேட்டு வீடு வீடா வந்தான். ஹஜ்ரத் அவனை மாதிரியே பேசிக் காட்டினார்மா. அச்சு அசல்! நான் ஆளையே எதிர்ல பார்த்தேன். பள்ளிவாசல்னுகூடப் பார்க்காம குலுங்கிட்டேன்."

"அப்புறம் என்ன சொன்னார்?"

"அப்புறம் என்னமோ சொன்னார். நான் எங்கே கேட்டேன்? வாயைப் பொத்தறதுலயே உசுரு போச்சு."

ஜிபார் குறுக்கிட்டாள். "நிருபருங்க வந்தப்ப இதைச் சொல்லலையா, பெரியவரே?"

"சொன்னேனே! அஞ்சாறு பேர் வந்தாங்க. எல்லாரும் 'ஏன் அழுதீங்க'ன்னுதான் கேட்டாங்க. சிரிச்சேன்னு சொன்னா, ஒருத்தன் 'கண்ணீர் மல்கச் சிரித்தார்'னு போட்டான். மத்தவங்களும் கேலிதான்னு சொன்னாங்க. 'ஹஜ்ரத்தின் ஆதரவாளர்கள் மழுப்பல்'னு வந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை." அவர் ஜிபாரைக் கூர்ந்து பார்த்தார். "நீதானே அந்தப் பொண்ணு? நீ மட்டும்தான் வரவே இல்லை."



"முழுப் பேச்சும் யார்கிட்டயாவது இருக்குமா?" என்றாள் அனிபா.

"முஹிதீன்கிட்ட இருக்கும். துணை இமாம். தூணுக்குப் பின்னால நின்னு வாராவாரம் போன்ல பிடிப்பான்."

"அவர் பதிவே பண்றதில்லைன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரே?" என்றாள் ஜிபார்.

"அப்படியா எழுதினான்?" சத்திபால்டி காதைச் சொறிந்தார். "அப்ப ஏன் என்கிட்ட, 'மாமா, தலையைத் தாழ்த்துங்க, மறைக்குது'ன்னு ஒவ்வொரு வாரமும் சொல்றான்?"

கிளம்பும்போது அந்த அம்மாள் எழுந்து வந்து கணவருக்கு ஒரு கை விதை கொடுத்தாள். "நிஜமாவே சிரிச்சீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். "அப்ப சரி," என்றாள்.

*

டாக்ஸியில் அனிபா பின்சீட்டில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

"வீடியோவை அனுப்பினவனைப் பத்தி ரெண்டு விஷயம் தெரியும்," என்றாள். "பாங்கு சொல்ற நேரத்துல அனுப்பியிருக்கான். அந்த நேரத்துல ஹஜ்ரத்தைக் கூப்பிட்டா எடுக்கமாட்டார். அதாவது பள்ளிவாசல் நடப்புத் தெரிஞ்ச ஆள். தொழுகை முடியறவரைக்கும் நிருபர் காத்திருக்கமாட்டாங்கன்னும் தெரிஞ்சிருக்கு. அப்ப செய்தி அறை நடப்பும் தெரிஞ்ச ஆள்."

ஜிபார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ஒரு தரம் கூப்பிட்டேன். எடுக்கலை. பாங்கு என் காதுலயே கேட்டுக்கிட்டிருந்தது. தொழுகை நேரம்னு தோணவே இல்லை. வேற தளம் முந்திடுமோன்னுதான் தோணிச்சு."

"முஹிதீனுக்கு மிம்பர் வேணும். அவர்தான்," என்றேன். "ஹஜ்ரத் உள்ளே போனா இவர் மேலே ஏறலாம்."

"செய்தி அறை?" என்றாள் அனிபா.

நான் வெளியே தெரிந்த சுலைமான் மலையைப் பாராட்டினேன்.

பெரிய பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஜிபார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே சுவரில் மின் பலகை ஒன்று, தொழுகை நேரங்கள் சிவப்பு எழுத்தில். எனக்கு ஒரு யோசனை மின்னியது.

"தலைவி! வீடியோவிலும் இந்தப் பலகை தெரியுது. நேரம் நாளுக்கு நாள் மாறும். எந்த வெள்ளிக்கிழமைன்னு கண்டுபிடிச்சிடலாம்!"

"அது அதே எண்ணைக் காட்டிக்கிட்டே செத்துப்போய் ரொம்ப நாளாச்சு," என்றது ஒரு குரல். "வாங்கிக் குடுத்தவர் இன்னும் தொழ வர்றார். மனசு கஷ்டப்படுவாரேன்னு கழட்டலை."

முஹிதீன். ஒல்லியான மனிதர். தாடி இன்னும் முழுசாக நிரம்பவில்லை. அனிபா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிப் பேச்சு. முழுசா வேணும்."

"என்கிட்ட இல்லை, சகோதரி."

"சத்திபால்டி மாமாவோட தலை மறைக்குதுன்னு சொல்வீங்களாமே. எதை மறைக்குது?"

முஹிதீன் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லா வாரமும் பிடிப்பேன்," என்றார். "கெட்ட எண்ணத்துல இல்லை. மதீனாவுல படிச்சவன் நான். அவர் இங்கேயே ஒரு மூலையில ஓதினவர். நான் பேசினா ஜனங்க கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. அந்தச் செத்த கடிகாரத்தைக்கூட! அவர் பேசினா சிரிக்கிறாங்க, அழறாங்க, வெளியே போய் சண்டைக்காரன்கிட்ட சமாதானம் பேசறாங்க. எப்படின்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னாடி நின்னு அவர் மாதிரியே கையைத் தூக்கிப் பார்ப்பேன். என் கை வெறும் கையாத்தான் இருக்கும்."

"அதுக்காக வெட்டி அனுப்பினீங்களா?"

"இல்லை! அல்லாஹ் சத்தியமா இல்லை. வெட்டத் தெரியாது எனக்கு. ஆனா..." அவர் குரல் இறங்கியது. "வெட்டின வீடியோ வந்ததும் எனக்குத் தெரியும், பொய்னு. போலீஸ் வந்தப்ப என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு, முழுசும். இல்லைன்னுட்டேன். அந்த வாரம் மிம்பர் எனக்குக் கிடைச்சுது. ஏறினேன். கீழே பார்த்தா மூணு வரிசை. மத்தவங்க எல்லாம் வேற பள்ளிக்குப் போயிட்டாங்க."

அவர் போனை எடுத்தார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். ஹஜ்ரத் திரையில் தோன்றினார். முதலில் அவருடைய சொந்தக் குரல், கனமான ஊஸ்கென் பக்கத்துப் பேச்சு: "நேத்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தார், ஜமாஅத்தே." பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டார். "தோப்சுபெக் நல்ல முஸ்லிம். அவருக்கு ஓட்டுப் போடறது இபாதத். போடாதவன் மறுமையில பதில் சொல்லணும்..." வீடியோ அங்கேதான் வெட்டுப்பட்டிருந்தது. ஹஜ்ரத்தின் உயர்ந்த கை இப்போது கீழே இறங்கியது. "...னு என்கிட்டயே சொல்லிட்டுப் போறார்!"

கூட்டம் சிரித்தது. சத்திபால்டி பக்கத்து ஆள்மேல் சாய்ந்தே போனார்.

"முன்னால ஒரு வரி, கடைசியில ஒரு 'னு'," என்று முணுமுணுத்தாள் அனிபா. "அதை மட்டும் வெட்டினா போதும். சொன்னவன் வேற ஆளாயிடறான்."

ஹஜ்ரத் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "தேர்தல் வந்தா நம்ம தலைப்பாகைக்குள்ள தேனை ஊத்தறாங்க. எறும்பு கடிக்கறது யாரை? உங்க ஓட்டு உங்களை நம்பி ஒப்படைச்ச அமானிதம். அதை இந்த மிம்பர்ல வெச்சு ஏலம் போட நான் யார்?"

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். பள்ளிவாசல் என்பதே மறந்துபோயிற்று.

முஹிதீன் பயந்து நிறுத்தினார். நான் அனிபாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

ஒருவன் நம்மைவிட நன்றாகப் பாடினால் மறந்துவிடலாம். நமக்குப் பிடித்தவளை நம் கண்முன்னாலேயே ஒரு வரியில் சிரிக்கவைத்தவனை, அந்த வரியை, எழுத்துக்கு எழுத்து மறக்கமுடியாது. காலையிலிருந்து அதை நான் மனதுக்குள் மென்றுகொண்டிருந்தேன். தேன், தலைப்பாகை, எறும்பு. அது அவனுடைய வரி இல்லை. திருட்டு. வெளியான வீடியோவில் அந்த வரியே கிடையாது. முழுப் பேச்சையும் கேட்டவன் வாயில்தான் அது வரும்.

ஜிபார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் காலையில் அந்த அறையில்தான் இருந்தாள். மெல்ல அவள் கை முக்காட்டின் நுனியைப் பிடித்தது.

"நீங்க வெளியே இருங்க, ஜிபார்," என்றாள் அனிபா.

"மாட்டேன். கேளுங்க."

அனிபா முஹிதீன் பக்கம் திரும்பினாள். "இதை யாருக்குக் குடுத்தீங்க?"

முஹிதீனுக்குக் கேள்வியே புரியவில்லை. ஜிபாரைக் கை காட்டினார். "இந்தத் தங்கச்சிக்குத்தான். இவங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனார். 'என் மனைவி ஹஜ்ரத்தோட பேச்சுத் திறமையைப் பத்தி எழுதப்போறா, முழுசாக் கேட்கணுமாம்'னார். ரொம்ப வருஷப் பழக்கம், குடுத்தேன். வெட்டி வெளியிட்டது நீங்கதான்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருக்கேன், தங்கச்சி. எனக்கு உங்க மேல அவ்வளவு கோபம். என் மேல அதைவிட."

*

அவன் சொன்னபடி வந்திருந்தான். பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில், காருக்கு வெளியே, பாப்ளார் மரத்தில் சாய்ந்து நின்றான். ஜிபார் சாலையைக் கடந்து போய் அவன் எதிரில் நின்றாள். நாங்கள் சற்றுத் தள்ளி.

"அந்தத் தேன் வரியை யார்கிட்டக் கேட்டீங்க?" என்றாள்.

எல்தியார் மறுக்கவில்லை. மறுக்க யோசித்தான், அது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு மரத்திலிருந்து விலகி நேராக நின்றான்.

"நீ போடுவே. மறுநாள் நான் முழுசையும் வெளியே விடறதா இருந்தேன்," என்றான். "உன்னைக் கிழிப்பாங்க. ரெண்டு மாசம் அழுவே. அப்புறம் எழுதறதை எல்லாம் முதல்ல என்கிட்டக் காட்டுவே. முன்னே மாதிரி."

"ஏன் விடலை?"

"எங்கே விட்டாங்க? விடியறதுக்குள்ள நாடு முழுக்கப் போயிடுச்சு. ஆசிரியர் உன்னைக் கட்டிப்பிடிக்கறார். என் நாற்காலியை உனக்கு நகர்த்தறார். அதுக்கப்புறம் நான் முழுசைக் காட்டினா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்பாங்க." அவன் சிரிக்க முயன்றான். "உன்னைக் குழியில தள்ள நெனச்சேன். உன்னை மேடையில ஏத்திட்டேன்."

"ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கார், எல்தியார். ஜன்னல்ல கல்லு விட்டிருக்காங்க."

"நான் மட்டுமா?" அவன் குரல் திடீரென்று உயர்ந்தது. "உனக்கு நான் சொல்லிக்குடுத்த முதல் பாடம் என்ன? யாரைப் பத்தி எழுதறியோ அவர்கிட்டக் கேளுன்னு. நீ கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கேட்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். 'மிம்பர்', 'ஓட்டு' ரெண்டும் ஒரே வரியில வந்தா இந்த நாட்டுல எந்த நிருபரும் கேட்கமாட்டான். நானும் கேட்டிருக்கமாட்டேன்."

அனிபா முன்னால் போனாள். ஜிபார் கையைக் காட்டித் தடுத்தாள்.

"அது என் தப்பு," என்றாள். "நான் சொல்லிக்கறேன். உங்க தப்பை நீங்க சொல்லுங்க. நாளைக்கு, நீதிமன்ற வாசல்ல."

அவள் காரில் ஏறவில்லை. எங்களோடு டாக்ஸியில் வந்தாள். வழியில் ஆசிரியரைக் கூப்பிட்டாள். அவர் பேசியது எனக்கே கேட்டது: தேர்தல் முடியட்டும், உள்பக்கத்தில் சின்னத் திருத்தம் ஒன்று போட்டுவிடலாம், இப்போது போட்டால் மதவாதிகளுக்குத் துணை போனதாகப் பேசுவார்கள். ஜிபார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி வைத்தாள்.

*

மறுநாள் முஹிதீன் வந்தார், தன் போனோடு. நீதிபதி முழுப் பேச்சையும் கேட்டார். மூக்குக் குரல் வந்த இடத்தில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஹஜ்ரத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். வெளியே வந்த ஹஜ்ரத், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் முஹிதீனிடம் போனார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தோம். "என்னை இவ்வளவு தெளிவா யாருமே பிடிச்சதில்லை, தம்பி," என்றார். முஹிதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிமிரவே இல்லை.

வாசல் படியில் மைக்குகள் ஜிபாரைச் சூழ்ந்தன. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஹஜ்ரத் ஓட்டுக் கேட்கலை. கேட்டவங்களைக் கேலி பண்ணினார். நான் முழுசாக் கேட்காம வெளியிட்டேன். அவர்கிட்டயும் கேட்கலை, அங்கே உட்கார்ந்திருந்தவங்ககிட்டயும் கேட்கலை. மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வெட்டி அனுப்பினது யார்?" என்று கத்தினார்கள்.

"அதை அவர் சொல்லணும்."

கேமராக்களுக்குப் பின்னால் எல்தியார் நின்றுகொண்டிருந்தான். நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மைக்கும் தன் மனைவியை நோக்கி நீண்டிருப்பதை அவன் பார்த்த பார்வையும் எனக்குத் தெரியும். என் தேநீர்க் கிண்ணத்திலிருந்து அவன் கிண்ணத்தை நான் பார்த்த பார்வைதான் அது. திடீரென்று அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியேறினான்.

"நான்தான்," என்றான்.

எல்லா மைக்கும் ஒரே நொடியில் அவன் பக்கம் திரும்பின. ஜிபாரைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அவன் பேசத் தொடங்கினான். நன்றாகப் பேசினான், பாவி. மதத்தை நாம் எப்படி எழுதுகிறோம், பயமுறுத்த ஒரு தாடியும் புல்லரிக்க ஒரு கண்ணீரும் தவிர நமக்கு வேறென்ன தெரியும் என்றெல்லாம். முகம் மெல்ல மெல்லப் பொலிவு பெற்றது. குரலில் பழைய கனம் வந்துவிட்டது. நிருபர்கள் குறிப்பெடுத்தார்கள். 'நான்தான்' என்று சொல்லவந்த விஷயம் எங்கோ பின்னால் போய்விட்டது.

"மனசாட்சியா, மைக்கா?" என்று அனிபாவின் காதில் கேட்டேன்.

"அவனுக்கே தெரியாது," என்றாள்.

அப்போது ஜிபார் திரும்பினாள். முழங்கையால் இடித்து, குனிந்து, கேமராவின் அடியில் நுழைந்து, முன்வரிசைக்கு வந்தாள். கையில் மைக் இல்லை. தன் போனை நீட்டினாள், மற்றவர்களைப் போலவே.

"ஒரு கேள்வி," என்றாள். "வீடியோவை எங்கே உட்கார்ந்து வெட்டினீங்க?"

எல்தியார் நிறுத்தினான். "வீட்டுல."

"அப்ப உங்க மனைவி எங்கே இருந்தாங்க?"

அவன் அவளைப் பார்த்தான். பொலிவு போய்விட்டிருந்தது.

"சமையலறையில," என்றான். "நூடுல்ஸுக்கு மாவு இழுத்துக்கிட்டிருந்தா. ஏதோ முக்கியமா எழுதறேன்னு நெனச்சு, சத்தம் வரக்கூடாதுன்னு, கதவைச் சாத்திக்கிட்டா."

ஜிபார் தலையசைத்தாள். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் தட்டெழுதினாள். எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று திரையை அவனிடம் காட்டினாள்.